கராம்பு மரமும் பின்னேர முகிலும்

எனக்கு வானிலைப் பைத்தியம் பிடித்ததற்குக் காரணம் ஒரு போட்டோக்கொப்பி மெஷின். வத்தேகம டவுனில், மாடியில், தகரக் கூரைக்குக் கீழே எனக்கு ஒரு சின்னக் கொமியூனிகேஷன் கடை இருக்கிறது. போட்டோக்கொப்பி, லெமினேட், ஃபோன் ரீலோட், பிள்ளைகளின் பாடசாலை வேலைக்கு பிரிண்ட், அவ்வளவுதான் வியாபாரம். மார்ச் பிறந்தால் போதும், மெஷின் தாளை விழுங்கும், வெளியே விடாது. திறந்து பார்த்தால் பொரிக்காமல் வைத்த அப்பளம் நமுத்துப் போன மாதிரித் தாள் சுருண்டு கிடக்கும். ரிப்பேர் பார்க்க வந்தவர், "மெஷின்ல ஒரு பிழையும் இல்ல, காத்துல ஈரம் கூட" என்று சொல்லிவிட்டு வந்த கூலியை வாங்கிக்கொண்டு போய்விட்டார். எனக்கு வந்த கோபத்தில், அந்த ஈரம் எவ்வளவுதான் என்று பார்த்துவிடுவோமென்று ஈரப்பதம் காட்டும் சின்னக் கருவி ஒன்றை வாங்கிச் சுவரில் மாட்டினேன்.

அதிலிருந்து பிடித்ததுதான். காலையில் கடை திறந்ததும் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதற்கு முன்னால் அந்தக் கருவியைப் பார்ப்பேன். கொஞ்ச நாளில் மழைமானி ஒன்றும் வந்து வீட்டு மொட்டைமாடியில் உட்கார்ந்தது. பிறகு கண்டியைச் சுற்றியுள்ள என்னைப் போன்ற கிறுக்குகள் சேர்ந்து நடத்தும் வட்ஸ்அப் குழுவில் சேர்ந்தேன். வெப்பநிலை, ஈரப்பதம், மழை அளவு, முகில் படம், இவை மட்டும்தான் போடலாம். குட்மோர்னிங் ரோஜாப்பூ போட்டால் வெளியே தள்ளிவிடுவார்கள். சொந்தக் கதைக்கும் அங்கே இடமில்லை.

கண்டி என்றால் குளிர் என்று நினைத்துக்கொண்டு கொழும்பிலிருந்து ஸ்வெட்டரோடு வருபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். சித்திரைப் புத்தாண்டுக்கு முந்திய வாரங்களில் சூரியன் நேரே உச்சந்தலையில் நிற்கும். சுற்றிவர மலை, காற்று அசையாது. குளித்துவிட்டு வந்து துவாயால் துடைத்து முடிப்பதற்குள் மறுபடி வியர்த்துவிடும். ஃபேன் போட்டால் சுடுகாற்றைத்தான் சுற்றிச் சுற்றி அடிக்கும். அந்த நாட்களில் எங்கள் குழுவில் எல்லோருக்கும் ஒரே வேலை, எப்போது இடிக்கும் என்று வானத்தைப் பார்ப்பது.

என் கடை ஜன்னலிலிருந்து ஹுன்னஸ்கிரியா மலை நன்றாகத் தெரியும். பகல் சாப்பாட்டு நேரத்தில் அதன் தலைக்கு மேலே வெள்ளையாக ஒரு கட்டி கிளம்பும். அப்படியே காலிஃபிளவர் மாதிரிப் பொங்கிப் பொங்கி மேலே போகும். அதற்கு மேலே போக இடமில்லாத மாதிரித் தட்டையாகப் பரவினால் சரி, அன்றைக்கு அடிதான். சித்திரையில் அது பெரும்பாலும் கிழக்கிலிருந்து மேற்காக நகரும். எனக்கு வந்த இடி கொஞ்ச நேரத்தில் அலவத்துகொடைக்குப் போகும். அங்கே எங்கள் குழுவைச் சேர்ந்த முஸ்லிம் அண்ணன் ஒருவர் இருந்தார், நானா என்றுதான் கூப்பிடுவோம். வாசனைச் சரக்கு வியாபாரி. கராம்பும் மிளகும் முற்றத்தில் படங்கு விரித்துக் காயப்போடுபவர், அதனால் அவருக்கு மழை எப்போது வரும் என்று தெரிந்தாக வேண்டும். ஆனால் உள்ளுக்குள் அவரும் என்னைப் போலத்தான். சரக்கை அள்ளி உள்ளே போட்டுவிட்டு, "தங்கச்சி, இன்னும் உங்கட மழைய அனுப்பல்லியே" என்று எனக்கு வொய்ஸ் போடுவார்.

என் கணவருக்கு இதெல்லாம் வீண் வேலை. அவர் ஹேவாஹெட்டத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர், தேயிலைக்கு நடுவே நிற்கும் நிழல் மரங்களில் ஏறிக் கிளை வெட்டிப் பழகியவர். இப்போது மேசன் வேலை. "மழ வந்தா நனைவோம், வெயில் வந்தா காய்வோம். இதுக்கு எதுக்கு ஃபோன நோண்டிக்கிட்டு" என்பார். நான் மொட்டைமாடியில் நின்று முகிலைப் படம் எடுத்தால், "சோறு தீயுது, மேகத்துக்கிட்ட சொல்லி எறக்கச் சொல்லு" என்று கீழேயிருந்து குரல் வரும். நான் இன்றைக்கு இடிக்கும் என்று சொன்ன நாளெல்லாம் அவர் குடையை வேண்டுமென்றே வீட்டில் விட்டுவிட்டுப் போவார். அந்த மனுஷனுக்குப் பிடிவாதம் பிறப்பிலேயே வந்தது.

அந்த வருடம் கராம்புப் பருவம் பிந்திவிட்டது. மற்ற இடங்களில் பறித்து முடிந்த பிறகும் நானாவின் தோட்டத்தில் உயரமான மரங்கள் மிச்சம் இருந்தன. கராம்பு மொட்டாக இருக்கும்போதே பறிக்க வேண்டும், பூத்துவிட்டால் விலை போகாது. உச்சிவரை ஏறத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை என்று நானா என்னிடம் குறைப்பட்டார். புத்தாண்டு நெருங்கியதால் மேசன் வேலையும் இல்லை. என் கணவரே, "நான் போறேன்" என்றார். இடுப்பில் கயிறு, தோளில் சாக்கு, மூங்கில் ஏணி. ஏணி முடிந்த இடத்திலிருந்து கிளை பிடித்து ஏறுவார், உச்சிக்குப் போனதும் கயிற்றால் தன்னை மரத்தோடு கட்டிக்கொள்வார்.

எனக்குத் தைரியம்தான். ஏனென்றால் அது ஊரில் யாரோ ஒருவரின் தோட்டமில்லை, வானத்தை விட்டுக் கண்ணெடுக்காத ஒரு மனிதரின் தோட்டம். நான் கேட்டபோதும் நானா சொன்னார், "தங்கச்சி, முகில் கட்டினா மொதல்ல எனக்குத்தானே தெரியும். நான் எறக்கிடுவேன்."

முதல் சில நாட்கள் ஒன்றும் நடக்கவில்லை. வெந்து செத்தோம், அவ்வளவுதான். குழுவில் எல்லோரும் புலம்பினார்கள். எனக்கும் எப்போதடா வெடிக்கும் என்றிருந்தது.

ஒரு நாள் காலையிலேயே மெஷின் தாளைப் பிடித்துக்கொண்டது. சுவர்க் கருவியைப் பார்த்தேன், அந்தப் பருவத்தில் அவ்வளவு ஈரம் நான் பார்த்ததில்லை. பகல் சாப்பாட்டுக்கு முன்னாலேயே ஹுன்னஸ்கிரியாவுக்கு மேலே கட்டி கிளம்பிவிட்டது. சத்தியமாகச் சொல்கிறேன், முதலில் எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. படம் எடுத்துக் குழுவில் போட்டேன். பாத்திரத்தில் பால் பொங்கும் வேகம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடிப்பக்கம் கறுத்து, மேல்பக்கம் தட்டையாகி, அலவத்துகொடைப் பக்கமாக நீட்டிக்கொண்டு போனது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த நீட்டலுக்குக் கீழே என் மனுஷன் மர உச்சியில் கயிறு கட்டிக்கொண்டு நிற்கிறார்.

அவருக்கு எடுத்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. மரம் ஏறும்போது ஃபோனைச் சட்டையோடு கழற்றி வேலியில் மாட்டிவிட்டுத்தான் ஏறுவார், அது எனக்கும் தெரியும். நானாவுக்கு எடுத்தேன். தொடர்பில் இல்லை என்றது. மறுபடி எடுத்தேன், மறுபடியும் அதே பேச்சு. வத்தேகமையில் முதல் இடி உருண்டது. கீழ்க்கடைக்காரர்கள் எல்லோரும் ஓடி ஓடி பிளக்குகளைக் கழற்றினார்கள். எங்கள் பக்கம் எல்லோரும் அப்படித்தான், இடி கேட்டால் முதலில் டீவி, பிறகு ரவுட்டர், பிறகு கையிலிருக்கும் ஃபோனையும் அணைத்துவிடுவார்கள், ஃபோன் இடியை இழுக்கும் என்று. நானாவின் வீட்டில் போன வருடம் ரவுட்டரும் டீவியும் கருகிப்போனதிலிருந்து அவருக்கு அந்தப் பயம் இரண்டு மடங்கு. அவரும் ஃபோனை அணைத்திருப்பார் என்று அப்போதுதான் புரிந்தது.

பஸ் பிடித்துப் போனால் முகில் எனக்கு முன்னால் போய்ச் சேரும். குழுவில் போட்டேன். சொந்தக் கதை போடக்கூடாது என்பதெல்லாம் அந்த நேரம் எவனுக்கு வேண்டும். "அலவத்துகொடையில் யாராவது ஃபோனை அணைக்காமல் இருக்கிறீர்களா, என் கணவர் கராம்பு மரத்தில் இருக்கிறார்" என்று எழுதினேன். முகில் படத்துக்கு இதயம் போட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் அதை அப்படியே நிறுத்தினார்கள்.

அழைப்பு வந்தது. அலவத்துகொடையில் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் குடியிருக்கும் டீச்சர் ஒருவர், எங்கள் குழுவில் ஆலங்கட்டிப் படம் போடுபவர்.

"தங்கச்சி, யார்ட தோட்டம்?"

சொன்னேன்.

"அது மேட்டுல ஈக்கிது, இப்ப ஆள் அனுப்பினா போய்ச் சேராது. நீங்க பயப்பட வாணாம். பள்ளிக்கு கோல் எடுத்து ஸ்பீக்கர்ல செல்லச் செல்றேன்."

"கரண்டு போயிருச்சின்னா டீச்சர்?"

"இங்க இன்னும் போகல்ல. வைங்க ஃபோன."

வைத்தேன். அந்த நிமிடமே எங்கள் டவுனில் கரண்ட் போனது. தகரத்தில் மழை இறங்கியது, ஆலங்கட்டியும் சேர்ந்து. ஆலங்கட்டி விழுந்தால் ஓடிப்போய்ப் பொறுக்கி, ரூபாய்க் குற்றியை அருகில் வைத்துப் படம் எடுக்கிறவள் நான். அன்றைக்கு ஃபோனைப் பிடித்தபடி ஒரு மூலையில் உட்கார்ந்து, முருகா, அங்கே கரண்டை நிறுத்திவிடாதே, அங்கே கரண்டை நிறுத்திவிடாதே என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அழுதேன். அதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை.

மழை விட்டுக் கொஞ்ச நேரத்தில் டீச்சர் ஒரு வரி அனுப்பினார், "எறங்கிட்டார், நல்லா ஈக்கிறார்". நான் கடையைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்க் காத்திருந்தேன்.

பின்னேரம் வந்தார், தலையிலிருந்து கால்வரை நனைந்து. வாசலிலேயே பிடித்துக்கொண்டேன்.

"ஒங்களுக்கு அறிவு இருக்கா? மேகம் கறுத்தது தெரியலையா?"

"எலைக்குள்ள நிக்கிறவனுக்கு மேகம் எங்க தெரியும்."

"நானா எங்க போனாரு?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஒன் கூட்டாளியா? ஃபோன ஃப்ளைட் மோட்ல போட்டுட்டு, வெட்ட வெளியில நின்னு மேகத்த வீடியோ எடுத்துக்கிட்டு இருந்தாரு. அப்பிடிப் போட்டா இடி வராதாம். ஸ்பீக்கர் சத்தம் கேட்டதும்தான் நான் மரத்தில இருக்கிறதே அந்த மனுஷனுக்கு ஞாபகம் வந்திச்சி. குடைய விரிச்சிக்கிட்டு ஓடி வந்தாரு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நானாவைக் கண்டிருந்தால் அந்த இடத்திலேயே நான்கு வார்த்தை கேட்டிருப்பேன்.

"பெறகு?"

"பெறகென்ன, எறங்குனேன். சரக்கு அறைக்குள்ள இருந்தோம். மழ நல்லா அடிச்சிச்சி. சோறு இருக்கா?"

இருந்தது. மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டார். வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடவே சாப்பிட்டார். கூலியை மேசையில் வைத்துவிட்டுப் படுத்துவிட்டார்.

விடிந்ததும் ஃபோனைத் திறந்தேன். குழுவில் நானா ஒரு படம் போட்டிருந்தார். ஒரு கராம்பு மரம். உச்சியிலிருந்து அடிவரை பட்டை உரிந்து, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. நடுவில் ஒரு கிளையில் கறுத்துப்போன சாக்குத் துண்டு ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான்தான் தைத்துக் கொடுத்தேன், பழைய சேலைக் கரையைத் தோள்பட்டிக்கு வைத்து. அந்தக் கரை சிவப்பு. படத்திலும் சிவப்பாகத்தான் இருந்தது.

கீழே எல்லோரும் எழுதியிருந்தார்கள். அபாரமான தாக்குதல் என்று ஒருவர். நீங்கள் எடுத்த வீடியோவில் இந்த மின்னல் விழுந்ததா என்று இன்னொருவர். சத்தம் எத்தனை கிலோமீட்டருக்குக் கேட்டது என்று மூன்றாவது ஆள். அவர்களில் கெட்டவர்கள் யாருமில்லை. வேறு யாருடைய சாக்காக இருந்திருந்தாலும் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன். நானா எனக்குத் தனியாக ஒரு வொய்ஸ் அனுப்பியிருந்தார். அதைத் திறக்க எனக்கு மனம் வரவில்லை.

குசினிக்குள் வந்தேன். இவர் சட்டை மாட்டி, தேத்தண்ணி குடித்து முடித்திருந்தார். மரத்தில் கட்டிய பழைய கயிறு போய்விட்டதால் வேறொரு கயிறு தேடி எடுத்துத் தோளில் போட்டிருந்தார். இன்னும் மரங்கள் மிச்சம் இருக்கின்றன, மொட்டு பூத்துவிடும், நானாவுக்கு நட்டமாகிவிடும் என்றார். நான் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டேன் என்று அவருக்கு என் முகத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். கிளாஸைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். கதவுவரை போய் நின்றார். கல்யாணம் கட்டின இத்தனை வருடத்தில் ஒருநாளும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

"இன்னைக்கி இடிக்குமா?"

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். மலை கழுவிவிட்ட மாதிரிப் பளிச்சென்றிருந்தது, ஒரு பொட்டு முகில் இல்லை. குழுவில் யாராவது கேட்டிருந்தால் எழுபது வீதம், எண்பது வீதம் என்று யோசிக்காமல் அடித்து விட்டிருப்பேன். எத்தனை வருடமாக அடித்து விட்டிருக்கிறேன். அவர் பதிலுக்காகக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தெரியலங்க" என்றேன். "சத்தியமா எனக்குத் தெரியல."

நான் இடிக்கும் என்று அடித்துச் சொன்ன நாளெல்லாம் குடைகூட எடுக்காமல் போன மனிதர், தோளிலிருந்த கயிற்றைக் கழற்றிக் கதிரையில் போட்டு, அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.