பக்கத்து சீட்டுக்காரி

நம்புகிறவர்கள் நம்பலாம். நம்பாதவர்கள் போர்ட் பிளேயருக்குக் கப்பல் ஏறி வந்து, மின்னி பே பகுதியில் ஜஸ்டின் வீடு எது என்று கேட்கலாம். மஞ்சள் கார் நிற்கிற வீடு என்றால் யாரும் காட்டுவார்கள். ஆனால் அவர் மனைவி லூசியிடம் மட்டும் இதைப் பற்றிப் பேச்சு எடுத்துவிடாதீர்கள். எழுந்து உள்ளே போய்விடுவாள். இது கட்டுக்கதை இல்லை. போன டிசம்பரில், அந்த வீட்டில், அந்தக் காரில் நடந்தது.

ஜஸ்டினுக்குப் பூர்வீகம் தூத்துக்குடிப் பக்கம். மூன்று மீன்பிடிப் படகுகள், கடலுக்கு அந்தப் பக்கம் பேம்பூஃப்ளாட்டில் ஒரு மீன் பேக்கிங் ஷெட். கையில் நாலு காசு சேர்ந்ததும் மனுஷனுக்கு வயசு பின்னால் ஓட ஆரம்பித்தது. சென்னையில் ஒரு புரோக்கரைப் பிடித்து, பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை வாங்கிக் கப்பலில் இறக்கினார். இந்தத் தீவில் இருக்கிற மேட்டுக்கும் வளைவுக்கும் மூன்றாவது கியரைத் தாண்டுவதே பெரிய காரியம். ஊர் சிரித்தது.

லூசி சிரிக்கவில்லை. அந்தக் காரில் இரண்டே சீட். ஒன்று அவருக்கு, இன்னொன்று தனக்கு. கல்யாணமாகி இருபது வருஷமாக எங்கே கிளம்பினாலும் முன்னால் வந்து ஏறிக்கொள்ளும் நாத்தனாருக்கு அதில் இடமே கிடையாது. இந்த ஒரு காரணத்துக்காகவே அவளுக்கு அந்தக் கார் பிடித்துப் போயிற்று. இடது பக்கத்து சீட் என் சீட் என்று மனசுக்குள் எழுதி வைத்துக்கொண்டாள்.

முதல் மாதமே வில்லங்கம் ஆரம்பித்தது. பெட்ரோல் நிற்கவில்லை.

ஸ்போர்ட்ஸ் கார் குடிக்கத்தான் செய்யும். அது ஜஸ்டினுக்கும் தெரியும். ஆனால் இது பேய்க் குடி. வீட்டிலிருந்து சாத்தம் ஜெட்டி, அங்கிருந்து வண்டி ஏற்றும் ஃபெர்ரியில் பேம்பூஃப்ளாட், மறுபடி அதே வழியில் வீடு. தினமும் இவ்வளவுதான் ஓட்டம். டேங்க் மட்டும் வாரத்துக்கு இரண்டு முறை காலியானது.

மெக்கானிக் சண்முகம் காரைத் தூக்கிப் பார்த்தான், படுத்துப் பார்த்தான். பிளக் மாற்றினான். ஏர் ஃபில்டர் மாற்றினான். டயரில் காற்று சரி. பிரேக் எங்கேயும் ஒட்டிப் பிடிக்கவில்லை. எங்கும் ஒரு சொட்டு ஒழுகவில்லை. பெட்ரோல் மூடியும் பூட்டுப் போட்டது.

"பாபி, வண்டில ஒரு கட்பட்டும் இல்ல. ஏக்தம் டீக்கா இருக்கு. அண்ணன் எங்கயோ ஊர் சுத்துறாரு, அவ்ளோதான்" என்றான் லூசியிடம், தீவின் இந்தி கலந்த தமிழில், விளையாட்டாக.

விளையாட்டாகச் சொன்னது. ஆனால் லூசிக்கு அது நெஞ்சில் போய்த் தைத்தது.

மூன்று படகுக்கும் டீசல் கணக்குப் பார்ப்பவள் அவள்தான். படகை ஓட்டுகிற எந்தத் தண்டேல் எத்தனை லிட்டர் குடித்தான், எத்தனை லிட்டர் விற்றான் என்பதை டேங்கில் குச்சி விட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். படகுக்குக் கிலோமீட்டர் கணக்கு கிடையாது. இஞ்சின் எத்தனை மணி நேரம் ஓடியது, அதுதான் கணக்கு. நங்கூரம் போட்டு நின்றாலும் இஞ்சின் ஓடினால் டீசல் போகும். காரையும் லூசி அப்படியே பார்த்தாள். ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த சின்னத் திரையைத் தட்டித் தட்டி, கடைசியில் கண்டுபிடித்தாள்.

ஓடிய தூரம் சரியாக இருந்தது. ஊர் சுற்றவில்லை. ஆனால் இஞ்சின் ஓடிய நேரம்... ஒரு வாரத்துக்கு ஆறேழு மணி நேரம் வர வேண்டிய இடத்தில் நாற்பதுக்கு மேல் காட்டியது.

கார் போகவில்லை. நின்ற இடத்திலேயே, இஞ்சின் ஓட, ஏசி ஓட, மணிக்கணக்காக நின்றிருக்கிறது. இரண்டு சீட் காரை நிறுத்திவைத்து, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, ஏசியைப் போட்டுக்கொண்டு ஒரு ஆம்பிளை என்ன ஜெபமா சொல்வான்?

அதற்குப் பிறகு கண்ணில் பட்டதெல்லாம் சாட்சியாகவே பட்டது. ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போகக் கதவைத் திறந்தால், அவள் சீட் முன்னால் இழுத்துவிடப்பட்டிருந்தது. லூசி நல்ல உயரம். முழங்கால் போய் இடித்தது. யாரோ ஒரு குள்ளச்சி வசதியாக உட்கார்ந்துவிட்டுப் போயிருக்கிறாள். ஏசிக் காற்று வருகிற துவாரமும் அந்தக் குள்ளச்சியின் முகத்துக்கு நேராகத் திருப்பியிருந்தது. அதைவிட, ஆளில்லாத அந்த சீட்டில் பெல்ட் மாட்டியே இருந்தது. பக்கத்தில் யாரும் இல்லாதபோதும் பெல்ட்டைப் போட்டு வைத்து அழகு பார்க்கிறாரா? அவ்வளவு அருமையா அவள்?

லூசி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டால் பொய் சொல்வார், முழுசாகப் பிடித்த பிறகு கேட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தாள். பெல்ட்டைக் கழற்றினாள், சீட்டைப் பின்னால் தள்ளினாள், உட்கார்ந்தாள். கோயிலில் பூசை முழுக்க அவள் சொன்ன ஜெபம் ஒன்றுதான். அவளை என் கண்ணில் காட்டு ஆண்டவரே.

அடுத்த வாரம், விடிகிற நேரம். தண்ணீர் பிடிக்க வெளியே வந்தவள் கார் ஷெட்டைப் பார்த்தாள். இடது பக்கக் கண்ணாடியில் மட்டும் வெளிப்புறமாகப் பனி பூத்திருந்தது. இந்த ஊர்ப் புழுக்கத்தில், உள்ளே ராத்திரி முழுக்க ஏசி ஓடினால்தான் கண்ணாடி அப்படி வியர்க்கும். பானெட்டைத் தொட்டாள். சூடு. காரின் சாவி அவள் தலையணைக்குப் பக்கத்து ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. ஜஸ்டின் உள்ளே குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

அவளுக்கு அப்போதே பயம் வந்திருக்க வேண்டும். ஸ்டார்ட் செய்தால் தெருவே எழுந்துகொள்கிற கார் அது. ஆனால் லூசிக்கு வந்தது பயமில்லை. நான் தூங்கின பிறகு வீட்டு வாசலுக்கே வரவழைத்திருக்கிறார் என்று பல்லைக் கடித்தாள்.

அன்றைக்கே ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு சாத்தம் ஜெட்டிக்குப் போனாள். ஃபெர்ரியில் கயிறு கட்டுகிற வெள்ளைச்சாமி அவளைப் பார்த்துச் சிரித்தான்.

"என்னக்கா, இன்னிக்குத்தான் வெளிய வந்து நிக்கிறீங்க. தினமும் காருக்குள்ளயே கண்ணாடிய ஏத்திட்டு உக்காந்திருப்பீங்களே. ஃபெர்ரில இஞ்சின் பந்த் பண்ணணும்னு எத்தன வாட்டி தட்டிச் சொல்றது?"

லூசி அவன் பக்கத்தில் போனாள். "மொகத்தப் பாத்தியா?"

"எங்க பாக்க? கண்ணாடிதான் பனி புடிச்சுக் கெடக்கே. ஏன்க்கா... அது நீங்க இல்லியா?"

"நாந்தான்" என்றாள் லூசி. மானம் போகக்கூடாதே.

அன்று மாலை பேம்பூஃப்ளாட் ஜெட்டியில், துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு கூட்டத்தோடு கூட்டமாக நின்றாள். டிசம்பரில் இங்கே ஐந்து மணிக்கே சூரியன் கடலுக்குள் போய்விடும். ஐந்தரைக்கு மஞ்சள் கார் வந்து ஃபெர்ரியில் ஏறியபோது நல்ல இருட்டு. தூறல் வேறு. கடைசி வண்டியாக, விளிம்போரம் கார் நின்றது.

லூசி ஒரு கேள்வியைத் தயார் செய்து வைத்திருந்தாள். காலையிலிருந்து அதையே வாய்க்குள் உருட்டிக்கொண்டிருந்தாள். யாருட்டி நீ? அவ்வளவுதான். தலைமுடியைப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, ஊர் பார்க்க, அந்த ஒரு கேள்வி.

ஜஸ்டின் இறங்கினார். தனியாக. காரைப் பூட்டினார். விளக்கு இரண்டு முறை கண் சிமிட்டியது. சாவியை விரலில் சுழற்றிக்கொண்டே மேல்தளத்துக்குப் படியேறிப் போனார்.

ஃபெர்ரி நகர்ந்தது. சாத்தம் விளக்குகள் தூரத்தில் மங்கலாகத் தெரிந்தன.

லூசி காரை நோக்கி நடந்தாள். பாதி வழியில் நின்றாள்.

ம்ம்ம்ம்ம்...

கார் ஓடிக்கொண்டிருந்தது. சாவி மேலே ஜஸ்டின் கையில் இருக்கிறது.

சொட்... சொட்... சொட்...

காருக்கு அடியில் ஏசித் தண்ணீர் சொட்டியது. இடது பக்கக் கண்ணாடி அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே கீழிருந்து மேலாக வெளுத்தது. அதற்குப் பின்னால் ஒரு தலை. குள்ளமான உருவம். அசையாமல் நேராகப் பார்த்தபடி இருந்தது.

லூசி பாய்ந்துபோய்க் கைப்பிடியை இழுத்தாள். பூட்டிய கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை.

பெல்ட் மட்டும் மாட்டியிருந்தது. தொய்ந்து கிடக்கவில்லை. ஓர் ஆளைச் சுற்றியிருப்பது போல, காற்றில் வளைந்து நின்றது.

அந்தப் பக்கக் கதவு வழியாக இறங்கி ஓடிவிட்டாள் என்றுதான் அப்போதும் லூசி நினைத்தாள். எங்கே போய்விடுவாள், சுற்றிலும் கடல். திரும்பி வரட்டும். நானே இந்த சீட்டில் இருப்பேன். இது என் இடம்.

பெல்ட்டைக் கழற்றினாள். அது மெதுவாக, மனசில்லாமல் உள்ளே போயிற்று.

உட்கார்ந்தாள். முழங்கால் இடித்தது.

டப்.

கதவு சாத்திக்கொண்டது. அவள் தொடவில்லை.

ஐஸ் பெட்டிக்குள் இறங்கியது போலக் குளிர். கண்ணாடியின் வெளிப்புறம் முழுக்க வெள்ளை. ஒன்றும் தெரியவில்லை.

டிங்... டிங்... டிங்...

பெல்ட் போடச் சொல்லும் மணி. சிவப்பு விளக்கு. அந்தச் சத்தம் நின்றால் போதும் என்று பெல்ட்டை இழுத்தாள்.

எட்டவில்லை.

லூசி ஒல்லி. முழு பெல்ட்டையும் இழுத்தாள். ஒரு சாண் குறைந்தது. ஒருத்திக்கான பெல்ட்டில் இரண்டு பேர் இருந்தால் குறையுமே, அப்படி.

டிங்... டிங்...

அப்போதுதான் உணர்ந்தாள்.

முதுகுக்குப் பின்னால் இருந்தது சீட் இல்லை.

அது மூச்சு விட்டது.

மணி நின்றது.

காதுக்குப் பக்கத்தில்... சில்லென்று...

"யாருடி நீ?"

சாத்தத்தில் ஃபெர்ரி ஒதுங்கியதும் ஜஸ்டின் வந்து சாவி போட்டுத் திறந்தார். பூட்டிய காருக்குள் லூசி உட்கார்ந்திருந்தாள். இஞ்சின் அணைந்திருந்தது. அவள் உதடு நீலமாக இருந்தது.

மூன்று நாள் காய்ச்சல். தன் மனசு பேசியதுதான் காதில் விழுந்தது என்று தனக்கே சமாதானம் சொல்லிப் பார்த்தாள். ஒட்டவில்லை. அவள் நாக்கில் வருவது 'யாருட்டி'. கேட்டது 'யாருடி'. அது அவள் ஊர்ப் பேச்சே இல்லை.

நான்காம் நாள் வாய் திறந்தாள். "ஏங்க, ஆளு இல்லாத சீட்டுக்கு எதுக்கு பெல்ட்டு மாட்டுதீய?"

ஜஸ்டின் விழித்தார். "நான் எங்க மாட்டுதேன்? நீதான் எறங்கயில மாட்டிட்டுப் போறன்னுல்லா நெனச்சேன்."

பிறகு ஜஸ்டின் சென்னைப் புரோக்கருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். அவன் முதலில் மழுப்பினான். ஜஸ்டின் கத்தியதும் சொன்னான்.

"சார், அந்தக் கேஸ்லாம் முடிஞ்சுபோச்சு சார். மொத ஓனரோட வைஃப். அந்தாளு வேற ஒரு பொம்பள வீட்டுக்குப் போயிருந்தான். இந்தம்மா அவன் காரையே எடுத்துட்டு வந்து அந்த அபார்ட்மெண்ட் வாசல்ல நிறுத்திச்சு. கேட் இடது பக்கம் இருந்துச்சுன்னு அந்த சீட்டுல மாறி உக்காந்துச்சு. மணி அடிக்குதுன்னு பெல்ட்டும் போட்டுக்கிச்சு. கண்ணாடி ஏத்தி, ஏசி போட்டு, ராத்திரி பூரா. புகை உள்ள எறங்கிருக்கு. காலைல பாத்தா டேங்கும் காலி, அந்தம்மாவும் காலி. வாட்ச்மேன் போகச் சொன்னதுக்கு, 'அவ வெளிய வரட்டும், ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டுப் போயிடறேன்'னு சொல்லிச்சாம்."

காரை விற்றுவிடலாம் என்றார் ஜஸ்டின். விற்கவில்லை. தேவைப்படவில்லை. அந்த ஃபெர்ரி மாலைக்குப் பிறகு பெட்ரோல் ஒழுங்காக நிற்கிறது. ஓடிய தூரமும் ஓடிய நேரமும் சரியாக இருக்கின்றன. பிளக் மாற்றியது நான்தான் என்று சண்முகம் இன்றைக்கும் பெருமை அடித்துக்கொள்கிறான். காலையில் கார்க் கண்ணாடி காய்ந்தே இருக்கிறது. லூசி பின்னால் தள்ளிய சீட் தள்ளிய இடத்திலேயே நிற்கிறது.

"அவ பொயிட்டாட்டி" என்றார் ஜஸ்டின், சந்தோஷமாக.

லூசி கட்டிலில் இடது பக்கம், ஜன்னலோரம் படுப்பவள். படுக்கையறை ஏசியை அவள் பிளக்கோடு பிடுங்கிப் போட்டு இரண்டு மாதம் ஆகிறது. ஆனாலும் விடிந்து பார்த்தால், அவள் பக்கத்து ஜன்னல் கண்ணாடி வெளிப்புறமாகப் பனி பூத்திருக்கிறது.

ராத்திரியில் குளிருகிறது. போர்வையை எவ்வளவு இழுத்தாலும் ஒரு சாண் எட்டவில்லை.