லோர்னாவின் இருபது நிமிடம்

எங்கள் நான்காம் மாடியில் அறைகளைச் சுத்தம் செய்யும் லோர்னா ஹாபலாவுக்கு மரியாதை தெரியாது என்று டாக்டர்கள் சொல்வார்கள். அது பொய். மரியாதை நன்றாகத் தெரியும். யாருக்குக் கொடுப்பது என்பதில்தான் அவளுக்குத் தனிக் கணக்கு. ஈரத் தரையில் ஷூவோடு நடக்கிறவர் நெஞ்சைப் பிளந்து தைக்கிற சர்ஜனாகவே இருக்கட்டும், அவளிடம் பாச்சா பலிக்காது. "அங்கயே நில்லு. இன்னொரு அடி வெச்சேன்னா தரையோட சேத்து உன்னையும் துடைச்சிருவேன்" என்பாள். பெரிய பெரிய ஆட்கள் சுவரோரமாகப் பூனை மாதிரி நழுவிப் போவதை நானே பார்த்திருக்கிறேன்.

அறுபத்தொரு வயது. அகன்ற தோள், வீங்கிய முழங்கால். அமெரிக்காவின் வடக்கே எங்கள் ஏரிக்கரை ஊரான டுலூத்தில் ஃபின்லாந்துக்காரர் வீட்டில் பிறந்தவர்கள் வார்த்தையை எண்ணித்தான் பேசுவார்கள், இவளும் அப்படித்தான். வியாழக்கிழமைதோறும் ஏலக்காய் போட்டுப் பின்னிச் சுட்ட ரொட்டி ஒன்றை நர்ஸ் மேஜையில் வைத்துவிட்டு, நாங்கள் நன்றி சொல்வதற்குள் வாளியைத் தள்ளிக்கொண்டு போய்விடுவாள். வீட்டில் கணவர் ஆர்வோ. துறைமுகத்தில் கப்பலுக்கு இரும்புத்தாது ஏற்றி ஏற்றி நுரையீரல் கெட்டுப்போனவர். அவர் மூச்சு விடுவது லோர்னாவின் வேலையோடு வரும் மருத்துவ இன்சூரன்சால்தான். ஓய்வு பெற இன்னும் பதினான்கு மாதம் இருந்தது. அதற்குள் வேலை போனால் எல்லாம் போச்சு.

என் பெயர் நோரீன். அந்த மாடியில் பதினோரு வருடமாக நர்ஸ். நான் வந்த முதல் குளிர்காலத்தில் ஒருநாள், பொருள் வைக்கும் அறையில் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, நோயாளிகளுக்கென்று வைத்திருக்கும் பிஸ்கட்டைத் திருட்டுத்தனமாகத் தின்றுகொண்டிருந்தேன். எங்கள் பகல் சாப்பாடு பெரும்பாலும் அதுதான். அரை மணி நேரம் இடைவேளை எடுத்தோம் என்று கணினி தானாகவே எழுதிக்கொள்ளும். எடுத்தோமா என்று கேட்க ஒரு நாதியும் இல்லை. துணி எடுக்க வந்த லோர்னா என்னைப் பார்த்துவிட்டாள்.

"எப்பச் சாப்பிட்ட?"

"காலையில."

"இப்ப மணி மூணு."

"412 ரூம் சுத்தமாயிருச்சுன்னா உடனே ஆள் அனுப்பிருவாங்களே, லோர்னா. எங்க போய் உக்கார?"

அறை துடைத்து முடிந்ததும் அவள் கையிலிருக்கும் போனில் ஒரு பொத்தானை அழுத்தவேண்டும். உடனே எல்லா மாடியிலும் தொங்கும் பலகையில் அந்த அறை மஞ்சளிலிருந்து பச்சையாகும். பச்சையைக் கண்டால் போதும், கீழே அவசரப் பிரிவில் காத்திருப்பவரைப் பத்து நிமிடத்தில் மேலே தள்ளிக்கொண்டு வந்துவிடுவார்கள். 412-ஐ அவள் துடைத்து முடித்திருந்தாள். ஆனால் போனை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு, "தரை இன்னும் காயல. நீ போய் உக்காந்து சாப்பிடு" என்றாள்.

தரை காய்ந்து பளபளவென்றிருந்தது.

அன்று ஆரம்பித்தது. பிறகு மாடிக்கே வழக்கமாகிவிட்டது. யார் காலையிலிருந்து உட்காரவில்லை, யார் மருந்து அறையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். அவர்களுடைய அறை மட்டும் இருபது நிமிடம் கூடுதலாக மஞ்சளாகவே இருக்கும். யாரும் அவளிடம் கேட்டதில்லை, யாரும் வெளியே சொன்னதும் இல்லை. உண்டவர்கள் நாங்கள். அந்த இருபது நிமிடம் எங்கே போய் எழுதப்படுகிறது என்று பதினோரு வருடத்தில் ஒருத்திக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

போன வருடம் வசந்த காலத்தில் ரஸ்ஸல் ப்ரூயிட் வந்தார். படுக்கைகள் சீக்கிரம் காலியாகி, சீக்கிரம் நிரம்பவேண்டும், அதைப் பார்த்துக்கொள்வதே அவர் வேலை. மினியாபொலிஸ் நகரிலிருந்து வந்தவர், மெல்லிய குரல், எப்போதும் கையில் ஒரு டேப்லட். கெட்டவர் என்று சொல்லிவிட்டால் எனக்குச் சுலபமாக இருக்கும். ஆனால் அவர் தினம் காலையில் அவசரப் பிரிவின் நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடப்பவர்களைப் போய்ப் பார்த்துவிட்டுத்தான் மேலே வருவார். மேலே அறை இல்லாமல் எட்டு மணி நேரம், ஒன்பது மணி நேரம் அங்கே கிடக்கிறவர்கள் உண்டு.

அக்டோபரில் ஒரு திங்கட்கிழமை, காலையில் எல்லாரும் நின்றபடி நடத்தும் கூட்டத்தில் அவர் ஒரு தாளைக் காட்டினார். "மூணாவது மாடியில ஒரு அறையைச் சுத்தம் பண்ண நாப்பத்தெட்டு நிமிஷம். நாலாவதுல அம்பத்தெட்டு. இந்த வித்தியாசம் ஏன்னு புரியல." லோர்னா வாளிப் பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தாள். எனக்குள் சிரிப்புக்கூட வந்தது, கண்டுபிடிக்கவே முடியாது என்று.

அன்று மதியம் துணி அறையில் அவள் ஒரு கவரைக் கிழித்துப் படித்துக்கொண்டிருந்தாள். நான் எட்டிப் பார்த்தேன். வெள்ளிக்கிழமை நடக்கும் கூட்டத்துக்கு யூனியன் ஆளோடு வரவேண்டும். மூன்றாவது எச்சரிக்கை பற்றி முடிவெடுக்க.

"மூணாவதா? அப்ப முதல் ரெண்டு?"

"கோடைல ஒண்ணு. போன மாசம் ஒண்ணு. கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டேன்."

"மூணு வந்தா வேலைய விட்டுத் தூக்கிருவாங்களே! எங்ககிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க சாப்பிட மாட்டீங்க."

எனக்கு யாரோ பொடனியில் அடித்த மாதிரி இருந்தது. நான் உட்கார்ந்து சூப்பு குடித்த ஒவ்வொரு நிமிடமும் அவள் பேரில் சோம்பல் என்று ஏறியிருக்கிறது. நானே போய் உண்மையைச் சொல்கிறேன் என்றேன். அவள் முறைத்தாள். "பலகையில பொய் காட்டினோம்னு நர்ஸ் சொன்னா உன் லைசென்சையே பிடுங்கிருவாங்க. பேசாம இரு. எனக்கு வாய் இருக்கு."

வாய் இருக்கிறதுதான், திறக்கமாட்டாள். நானும் திறக்கவில்லை. செவ்வாய், புதன், வியாழன், மூன்று நாளும் ரஸ்ஸலின் அறையைத் தாண்டிப் போனேன், வந்தேன். கதவைத் தட்டவில்லை. பயந்தாங்கொள்ளி என்று இதைப் படிப்பவர்கள் திட்டிக்கொள்ளலாம், நான் திட்டிக்கொண்டதில் பாதிகூட வராது.

வெள்ளிக்கிழமை மதியம், கூட்டத்துக்கு முன்னால், ஒரு அறை சுத்தமாவதைத் தானே கூட இருந்து பார்ப்பதாக ரஸ்ஸல் சொல்லி அனுப்பினார். நாங்கள் எல்லாரும் கூடிப் பேசிக்கொண்டோம். இன்று யாரும் சாப்பிடவேண்டாம். லோர்னா முடித்த நொடியே பச்சையை அழுத்தட்டும். நான் அவள் தோளைப் பிடித்துச் சொன்னேன்: "இன்னிக்கு எங்களப் பாக்காத. அழுத்திரு. ஆர்வோவை நெனச்சுக்கோ."

"சரி" என்றாள்.

அன்று காலை என் நாள் வேறு மாதிரி போயிற்று. 412-இல் பதினாறு நாள் நான் பார்த்துக்கொண்ட ஒரு முதியவர், மீன்பிடிப் படகு வைத்திருந்தவர், பத்தரை மணிக்கு என் கையைப் பிடித்தபடியே போய்விட்டார். அவர் மகளைத் தேற்றினேன். அதற்குள் பக்கத்து அறையில் ஒருவருக்கு ரத்த அழுத்தம் இறங்கியது. இரண்டு மணி வரை ஒரு வாய்த் தண்ணீர் இல்லை. லோர்னா 412-ஐத் துடைக்க ஆரம்பித்தபோது நான் வாசலில் நின்றேன். ரஸ்ஸல் சுவரோரம் டேப்லட்டோடு நின்றார்.

அவள் வேலை செய்வதை முழுதாக உட்கார்ந்து பார்த்தவர்கள் எங்களில் யாருமில்லை. மேலிருந்து கீழ், உலர்ந்ததிலிருந்து ஈரம். கட்டில் கம்பியின் அடிப்பக்கம், விளக்குச் சுவிட்ச், அழைப்பு மணியின் வயர், ஒன்றையும் விடவில்லை. போனவரின் தலை பட்ட இடத்தில் மட்டும் கை ஒரு நொடி நின்றது. நாற்பத்தொரு நிமிடம். ரஸ்ஸல் நேரத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டது எனக்கே தெரிந்தது. லோர்னா போனை எடுத்தாள். கட்டைவிரல் பொத்தானுக்கு மேலே போயிற்று. அப்போது நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

என் வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். அழுத்து, அழுத்து என்று கண்ணால் கெஞ்சினேன்.

அவள் போனைப் பைக்குள் போட்டாள். "தரை இன்னும் காயல" என்றாள்.

ரஸ்ஸல் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்தார். எழுந்து கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வெகுநேரம் என்னைப் பார்த்தார்.

"காஞ்சிருக்கே, லோர்னா."

மூன்று நாளாக வராத வார்த்தை அப்போது வந்தது. "அது என் சாப்பாட்டு நேரம். அவ மெதுவா வேலை செய்யல. நாங்க சாப்பிடணும்னு பொத்தானை அமுக்காம இருப்பா. பதினோரு வருஷமா."

எனக்குப் பின்னால் மேஜையிலிருந்து தாமஸ் என்ற நர்ஸ் எழுந்து வந்தான். "போன வாரம் செவ்வாய்க்கிழமை 408, அது எனக்கு" என்றான். "புதன் ரெண்டு தடவ எனக்கு" என்றாள் இன்னொருத்தி.

ரஸ்ஸல் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "கீழ நடைபாதையில ஒரு அம்மா ஆறு மணி நேரமாப் படுத்திருக்காங்க. இந்த அறை அவங்களுக்குத்தான். அவங்ககிட்ட யார் போய்ச் சொல்றது?"

"நான் சொல்றேன்" என்றாள் லோர்னா. வாளியை ஓரமாக வைத்தாள். "நோரீன், நீயும் வா."

மூன்று பேரும் லிஃப்டில் இறங்கினோம். மிஸஸ் மொரோ என்ற அந்த அம்மாள், பொட்டலத் தின்பண்டம் விற்கும் இயந்திரத்துக்குப் பக்கத்தில், குளிர்காலக் கோட்டைப் போர்த்திக்கொண்டு ஸ்ட்ரெச்சரில் கிடந்தாள். எழுபது வயதிருக்கும். கண் மட்டும் கழுகுக் கண்.

லோர்னா சுற்றி வளைக்கவில்லை. "அம்மா, உங்க அறை ரெடி. நான்தான் துடைச்சேன். ஆனா உங்களப் பாத்துக்கப் போற நர்ஸ் காலையில இருந்து ஒண்ணும் சாப்பிடல. அவ சாப்பிடப் பதினஞ்சு நிமிஷம் வேணும்."

"ஆறு மணி நேரம்!" என்று அந்த அம்மாள் வெடித்தாள். "இந்த மெஷின் கர்ர்னு கத்துறதக் கேட்டுக்கேட்டு என் காது போச்சு! இன்னும் பதினஞ்சு நிமிஷமா? உங்க வீட்டுப் பாட்டியா இருந்தா இப்படிப் போட்டு வெப்பீங்களா?"

நியாயமான கோபம். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பார்வை என் கையில் வந்து நின்றது.

"இவளா எனக்கு ஊசி போடப் போறது?"

"ஆமா" என்றாள் லோர்னா.

"இந்தக் கையாலயா? சரியாப் போச்சு! என் நரம்பு ஏற்கெனவே கண்ணாமூச்சி ஆடுற நரம்பு." கோட்டுக்கடியிலிருந்து ஒரு பையை இழுத்தாள். "என் மக வான்கோழி சாண்ட்விச் கட்டிக் குடுத்தா. டாக்டர் நான் ஒண்ணும் திங்கக் கூடாதுன்னுட்டான். இந்தா, என் கண்ணு முன்னாலயே தின்னு. முழுசா. அப்புறம் போகலாம்."

நோயாளி கொடுத்ததை வாங்கக்கூடாது என்று விதி இருக்கிறது. ரஸ்ஸலைப் பார்த்தேன். அவர் டேப்லட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, எங்கிருந்தோ ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எனக்குப் பின்னால் போட்டார். உட்கார்ந்தேன். முதல் வாய் இறங்கியதும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது, காலையில் போனவருக்காகவா, சாண்ட்விச்சுக்காகவா தெரியவில்லை. "அழுதுட்டே தின்னா புரையேறும்" என்று மிஸஸ் மொரோ அதட்டினாள். தின்று முடித்ததும் லோர்னா பச்சையை அழுத்தினாள். நானும் அவளுமாக ஸ்ட்ரெச்சரை மேலே தள்ளிக்கொண்டு போனோம். நரம்பு முதல் குத்திலேயே கிடைத்தது.

அன்றைய கூட்டம் நடக்கவில்லை, ரஸ்ஸல் அதை மூன்று வாரம் தள்ளிவைத்தார். அந்த மூன்று வாரமும் லோர்னா முடித்த நொடியே அழுத்தவேண்டும், நர்ஸ் சாப்பிடவில்லையென்றால் அதை நாங்களே எங்கள் பேர் போட்டு எழுதவேண்டும் என்றார் ரஸ்ஸல். எழுதினோம். பழைய பொய் மஞ்சளுக்காக எங்களில் நாலு பேருக்கு ஆளுக்கொரு கண்டிப்புக் கடிதம் வந்தது, வாங்கிக்கொண்டோம். நாங்கள் எழுதியதன் பலனாக, இப்போது பதினோரு மணியிலிருந்து மூன்று மணி வரை ஒரு மாற்று நர்ஸ் வருகிறாள். ஒருவர் சாப்பிடப் போனால் அவருடைய நோயாளிகளை இவள் பார்த்துக்கொள்வாள். சில நாள் அவளை வேறு மாடிக்கு இழுத்துக்கொள்வார்கள், நாங்கள் சண்டை பிடிப்போம். நடைபாதையில் இன்னும் ஆட்கள் கிடக்கிறார்கள், முன்னைவிடக் குறைவு.

கூட்டத்துக்கு இந்தத் தடவை நானும் கூடப் போனேன். ரஸ்ஸல் முதல் இரண்டு எச்சரிக்கைகளையும் ரத்து செய்த கடிதத்தை லோர்னாவிடம் கொடுத்தார். அதன் கீழே மூன்று வாரக் கணக்கு இருந்தது. ஓர் அறைக்கு நாற்பத்திரண்டு நிமிடம். மருத்துவமனையில் இருக்கும் முப்பத்தாறு துப்புரவுப் பணியாளர்களிலும் வேகமானவள் அவள்தான். "மன்னிச்சுக்கோங்க" என்றார் அவர். அவள் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

கார் நிறுத்துமிடத்தில் ஏரிக்காற்று ஆளைத் தள்ளியது. அவள் தன் காருக்குள் ஏறி உட்கார்ந்தாள், சாவியைத் திருப்பவில்லை. நான் மறுபக்கம் ஏறிக்கொண்டேன். அந்தத் தாளை ஸ்டியரிங்கின் மேல் விரித்து, அந்த நாற்பத்திரண்டின் மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தாள்.

"வேலை போயிரும்னு பயம் இருந்துச்சுதான், நோரீன். ஆர்வோகிட்டகூடச் சொல்லல" என்றாள். "ஆனா வலிச்சது அது இல்ல. இருபத்தொம்பது வருஷம். நான் மெதுவா வேலை செய்றவன்னு எழுதி, என்கிட்டயே கையெழுத்து வாங்கினாங்க. நானும் ஆமான்னு போட்டேன். ரெண்டு தடவ."

பிறகு அவள் அழுதாள். அவள் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். எங்கள் வயிற்றுக்காக அவள் விட்டுக்கொடுத்தது எதை என்று எனக்கு அங்கேதான் உறைத்தது. அவள் கையைப் பிடித்துக்கொண்டு, இருட்டும் வரை அந்தக் காரிலேயே உட்கார்ந்திருந்தேன்.