வால் வைத்த கையெழுத்து

என் ஒன்பது வயதில் நான் ஓர் அரசு அலுவலகத்தை நடத்திக்கொண்டிருந்தேன். சம்பளம் மட்டும் அம்மா பேரில் வந்தது.

நந்தனம் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் இருந்தது அந்த நன்னடத்தை அலுவலகம். முதல் தடவையாக ஏதோ சின்னத் தப்பில் மாட்டியவர்களைச் சிறைக்கு அனுப்பாமல், இனி ஒழுங்காக இருக்கச் சொல்லி நீதிமன்றம் வெளியே விடும். அவர்கள் மாதம் ஒருமுறை வந்து அதிகாரியைப் பார்த்துவிட்டு, அம்மாவின் மேசையில் இருக்கும் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அம்மா அங்கே இளநிலை உதவியாளர். மேற்கு மாம்பலம் வீட்டில் என்னைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததால், பள்ளி விடுமுறை நாட்களில் நானும் அங்கேதான் இருப்பேன்.

தப்பு, நீதிமன்றம் எல்லாம் எனக்குப் பல வருடம் கழித்துத் தெரிந்த விவரங்கள். அப்போது தெரிந்தது ஒன்றுதான். கையெழுத்து கேட்கப்படுகிறவர்கள் பெரிய மனிதர்கள். கிரிக்கெட் வீரர்களிடம் ரசிகர்கள் கேட்பதை டிவியில் பார்த்திருக்கிறேன். இவர்களிடம் அரசாங்கமே மாதாமாதம் கேட்கிறது என்றால், இவர்கள் எப்பேர்ப்பட்டவர்களாக இருக்க வேண்டும்!

அதற்கேற்ற மரியாதையுடன்தான் நடத்தினேன். அவரவர் பக்கத்தைப் புரட்டி வைப்பேன். சணல் கயிற்றில் கட்டிய பேனாவை நீட்டுவேன். எழுதத் தெரியாதவர்களுக்கு இங்க் பேடைத் திறந்து வைப்பேன். யார் கையெழுத்து எப்படி இருக்கும் என்பது எனக்கு மனப்பாடம். அதில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் அண்ணனுடையது. ஆற்றங்கரையிலிருந்த அவர்கள் வீட்டை அரசாங்கம் இடித்துவிட்டு, ஊருக்கு வெளியே எங்கேயோ வேறு வீடு கொடுத்திருந்தது, அங்கிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கடைசி எழுத்தைப் பட்டத்தின் வால்போல இழுத்து நெளித்து, அடியில் இரண்டு புள்ளி வைப்பார். “இன்னா மேடம், இன்னிக்கு நீதான் டூட்டியா?” என்று கேட்ட பிறகுதான் பேனாவையே வாங்குவார். என்னை மேடம் என்று அழைத்த முதல் மனிதர் அவர்.

அம்மாவிடம் எனக்கு ஒரே ஒரு குறை இருந்தது. அலுவலகத்தில் அவர்களிடம் சாப்பிட்டாயா, வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று விசாரிப்பாள். வெளியே பார்த்தால் யாரோ மாதிரி போய்விடுவாள். ஒருநாள் மாம்பலம் ஸ்டேஷன் படியில், மாதாமாதம் கைநாட்டு வைக்கும் அக்கா ஒருத்தி எதிரே வந்தாள். நான் கையை ஆட்டினேன். அம்மா என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு விடுவிடுவென்று நடந்தாள்.

“வெளியில பாத்தா நமக்கு அவங்களத் தெரியாது. அவ்ளோதான்” என்றாள்.

அம்மாவுக்குத் தலைக்கனம் என்று முடிவு செய்தேன். குடும்பத்தின் மரியாதையை இனி நான்தான் காப்பாற்ற வேண்டும்.

அதற்கான வாய்ப்பு தீபாவளிக்கு முந்தைய வாரம் வந்தது. பாவாடைத் துணி எடுக்க தி. நகரில் ஒரு ஜவுளிக்கடைக்குப் போனோம். சரியான கூட்டம். முண்டியடித்து முன்னால் போனால், துணிகளை உதறிப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தவர் நம்முடைய வால் அண்ணன்! எங்களைப் பார்த்ததும் அவர் கை ஒரு நொடி நின்றது. பிறகு, “வாங்கம்மா, பட்டா, காட்டனா?” என்றார். அம்மாவும், “காட்டனே காட்டுங்க” என்றாள். இரண்டு பேரும் தெரியாதவர்கள்போலப் பேசியதில் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அண்ணா! என்னைத் தெரியலையா? மாசாமாசம் எங்கம்மா ஆபீஸ்ல வந்து கையெழுத்துப் போடுவீங்களே!”

பக்கத்து மேசையில் பில் பார்த்துக்கொண்டிருந்த கடை முதலாளி நிமிர்ந்தார். திருநெல்வேலிக்காரர், எல்லோரும் அண்ணாச்சி என்பார்கள்.

“எந்த ஆபீஸு பாப்பா? இவன் மாசம் ஒருநா அம்மாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போணும்னுல்லா லீவு கேக்கான்?”

அண்ணனின் முகத்தில் ரத்தமே இல்லை. அம்மா சிரித்தாள். “ஆபீஸா? நான் ஸ்கூல் டீச்சருங்க. இவ யாரப் பாத்தாலும் தெரிஞ்சவங்கம்பா. போன வாரம் பஸ் கண்டக்டர மாமான்னு கூப்டா.”

அலுவலகத்துக் குண்டூசி ஒன்று என் பையில் ஒட்டிக்கொண்டு வந்ததற்கு, மறுநாள் அதைத் திருப்பிக் கொண்டுபோய் வைத்தவள் என் அம்மா. அவள் கூசாமல் பொய் சொல்கிறாள்! விடக்கூடாது என்று தோன்றியது. மேசையிலிருந்த பில் தாள் ஒன்றையும் பேனாவையும் எடுத்து நீட்டினேன்.

“இவரேதான். கையெழுத்துப் போடச் சொல்லுங்க. வால் இருக்கும், கீழ ரெண்டு புள்ளி இருக்கும்!”

இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. ஒரு மனிதரின் பிழைப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு, அவ்வளவு நிமிர்ந்து நின்றேன்.

அண்ணாச்சிக்கு அது வேடிக்கையாக இருந்ததோ, சந்தேகமாக இருந்ததோ. “போட்டுத்தான் காட்டேம்ல” என்றார். அண்ணன் பேனாவை வாங்கினார். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோலத் தன் பெயரை எழுத்து எழுத்தாக எழுதினார். வால் இல்லை. புள்ளி இல்லை. அண்ணாச்சி உரக்கச் சிரித்து, என் தலையைத் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி பில்லுக்குத் திரும்பினார். நான் அழுதேன். முதலில் காட்டிய துணியையே அம்மா வாங்கிக்கொண்டு வெளியே வந்தாள். வீடு வரை என்னைத் திட்டவில்லை. பிடித்திருந்த அவள் கை மட்டும் ஈரமாக இருந்தது.

அடுத்த மாதம் மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்டார்கள், அம்மாவின் அலுவலகத்துக்கு விடவில்லை. நனைந்துகொண்டு அண்ணன் வந்தார். அவர் பக்கத்தை நான் புரட்டிக் கொடுக்கவில்லை. அவரே புரட்டி, வாலை வழக்கத்தைவிட நீளமாக இழுத்து, இரண்டு புள்ளி வைத்தார். பதிவேட்டை என் பக்கம் திருப்பினார்.

“இன்னா மேடம், கரீட்டா கீதா?”

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர் அம்மாவிடம் திரும்பினார். “வேல பத்திரமா கீதும்மா. நீங்க சொன்னத அண்ணாச்சி அப்டியே நம்பிட்டாரு.”

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள். அவர் படியிறங்கிப் போன பிறகு புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பொய் சொன்னது அவர்கள் இரண்டு பேர். உண்மையைச் சொல்லி அவமானப்பட்டது நான் ஒருத்தி. இதில் அம்மா எதற்கு அழ வேண்டும்? என்னிடம் இன்னும் யாரும் மன்னிப்புக் கேட்கவில்லையே என்ற கோபத்தில், இங்க் பேடைப் பட்டென்று மூடினேன்.