கிடா ஏறிய ரேஸ் கார்

போன புதன்கிழமை சாயந்திரம். மூடிக் கிடக்கும் ஒரு நூல் மில்லின் உள்ரோடு. என் மனைவி மல்லிகா ஆக்ஸிலேட்டரை ஒரே மிதி மிதித்தாள். இன்ஜின் போட்ட சத்தத்தில் வேப்பமரத்துக் காக்காயெல்லாம் பறந்தது. ஆனால் கார்...? பந்தியில் சாப்பிட்டு எழுந்தவர் மாதிரி மெதுவாக நகர்ந்தது.

புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை — மல்லிகா கணக்கு டீச்சர். வயது நாற்பத்தாறு. லீவு நாளில் டிராக் ரேஸ் பழகுகிறாள். நேர் ரோட்டில் கால் மைல். யார் முதலில் போய்ச் சேருகிறார்கள் என்பதுதான் போட்டி. அவளுடைய முதல் போட்டி அந்த ஞாயிற்றுக்கிழமை. நடுவில் மூன்றே நாள்!

கூட வந்திருந்த மெக்கானிக் உதட்டைப் பிதுக்கினார். "இன்ஜின் வீக்காயிருச்சு டீச்சர். எறக்கித்தான் பாக்கணும். ஞாயித்துக்கெழமைய மறந்துருங்க."

ஆறு மாதமாக அவள் பட்ட பாட்டைப் பக்கத்திலிருந்து பார்த்தவன் நான்.

மல்லிகா அசரவில்லை. "இன்ஜினுக்கு ஒண்ணுமில்லண்ணே. சத்தம் ஏறுது, ஸ்பீடு ஏறல. இழுவை நடுவுல எங்கயோ நழுவுது. செத்த நேரம் இருங்க."

ஹேண்ட்பிரேக்கை இழுத்தாள். டாப் கியரைப் போட்டாள். கிளட்ச்சை மெதுவாக விட்டாள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் அங்கேயே திணறி நின்றுவிட வேண்டும். இதுவோ அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"பாத்தீங்களா? இன்ஜின் இழுவைய சக்கரத்துக்குக் கொண்டுபோற கிளட்ச் பிளேட்டு தேஞ்சுபோச்சு."

"போன மாசந்தானே டீச்சர் புதுசு போட்டோம்?" என்று மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

அதுதானே... ஒரே மாதத்தில் எப்படித் தேயும்? மல்லிகா குனிந்து கிளட்ச் பெடலை விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"கேபிள்ல துளி லூஸ் இல்ல. யாரோ இழுத்து டைட் பண்ணிருக்காக. கால எடுத்தாலும் கிளட்ச் முழுசாப் பிடிக்காது. பெறகு தேயாம என்ன செய்யும்?"

அப்படியே சீட்டுக்கு அடியில் கையை விட்டாள். நிமிர்ந்தபோது உள்ளங்கையில் — ஆட்டுப் புழுக்கை!

"ஏங்க..."

அவ்வளவுதான் சொன்னாள். எனக்கு வேர்த்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். தங்கச்சி மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் கிடா கொண்டுபோக வேண்டாமா? எடை குறையட்டும் என்று மல்லிகா பின்சீட்டைக் கழற்றியிருந்தாள் — கிடாவுக்கு அளவெடுத்த மாதிரி இடம்! புது பிளேட் போட்ட மறுவாரம், அவளிடம் சொல்லாமல் காரை அய்யலூர் ஆட்டுச் சந்தைக்கு ஓட்டிப் போனேன். வழியில் கியர் கரகரவென்றது. ஒரு மெக்கானிக் கடையில் நிறுத்தி, "கிளட்ச் கேபிள நல்லா இழுத்து வைங்கண்ணே" என்றேன். சந்தைக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பெடலைப் பாதி மிதித்தபடி அரை கிளட்ச்சிலேயே ஊர்ந்தேன். விஷயம் தெரியாமல் அதே காரில் அவளும் பழகியிருக்கிறாள்.

"ஒங்க கிடாவுக்கு ரேஸ் காரு கேக்குதோ?" என்றாள் மல்லிகா. "நிக்காதீங்க. போயி ஜாக்கிய எடுத்தாங்க."

வியாழனும் வெள்ளியும் ஸ்கூல் விட்டு வந்ததும் அதே வேலை. கியர்பாக்ஸை இறக்கி, மெக்கானிக்கோடு சேர்ந்து புது பிளேட் மாட்டினாள். கேபிளுக்கு எவ்வளவு லூஸ் வேண்டும் என்று ஸ்கேல் வைத்து அவளே அளந்தாள். "டீச்சர், நீங்க நம்ம பட்டறைக்கே வந்துருங்க" என்றார் மெக்கானிக். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அடுத்த நிமிஷமே குற்றவாளி நான்தான் என்பது ஞாபகம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை. பச்சை விளக்கு எரிந்தது. கார் பாய்ந்த பாய்ச்சல் இருக்கிறதே... அடேயப்பா! நான்கு ஓட்டத்தில் மூன்றில் ஜெயித்தாள். முன்பின் தெரியாதவர்களை எல்லாம் நிறுத்தி, "அது என் சம்சாரம்ங்க" என்று சொன்னேன். சொல்லாமல் எப்படி இருப்பது?

மைக் பிடித்தவர் அவளிடம் கேட்டார். "வீட்டுக்காரர் சப்போர்ட் எப்படி மேடம்?"

மல்லிகா என்னைத் தேடிப் பிடித்துப் பார்த்தாள். "அவரு இல்லேன்னா, கிளட்ச்சப் பத்தி எனக்கு இம்புட்டுத் தெரிஞ்சிருக்காது."

கூட்டம் எனக்காகக் கைதட்டியது — நானும் சேர்ந்து தட்டினேன். வேறு என்ன செய்ய?