குமிழைக் கூட்டினால் கேட்காத காசு

எண்பத்தெட்டில, கனடாவுக்கு வந்த புதுசில, ஒரு வேலைக்கு இன்டர்வியூ போனன். ஊரில நான் எஞ்சினியர். "கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் இல்லை" எண்டு, என்ரை பைலைத் திறக்காமலே அனுப்பிவிட்டான் இன்டர்வியூ எடுத்த மனுசன்.

கொதியோட, நாங்கள் இருந்த டோர்செட் பார்க் பக்கம் திரும்பினன். அப்பார்ட்மென்றுக்குப் பின்னால பக்கத்து வீட்டு ராசன் அண்ணை, மண்ணுக்குள்ள கிடக்கிற பழைய காசு தேடுற மெஷினோட நிண்டார்.

"இரும்பு கலந்த மண், தம்பி. குப்பையும் கூட. இந்தக் குமிழைக் கூட்டிவிட்டா மெஷின் குப்பைக்குக் கத்தாது."

"குப்பையெண்டு ஆர் முடிவெடுக்கிறது?"

நான் குமிழைக் குறைச்சுப்போட்டு, மெஷின் கத்தின இடமெல்லாம் தோண்டினன். சோடா மூடி, ஆணி, பிறகு கறுத்துப்போன மெல்லிய வெள்ளிக்காசு.

அண்ணை குமிழைக் கூட்டி, காசுக்கு மேலை மெஷினைப் பிடிச்சார். சத்தமே இல்லை.

"உந்த மெஷினுக்கு இதுவும் குப்பைதான்" எண்டு சிரிச்சார்.

எனக்குச் சிரிப்பு வரேல்லை. மெஷினாவது காசுக்குக் கிட்ட வந்து பாத்தது. அந்த மனுசன் என்ரை பைலைத் தொடக்கூட இல்லை.