பனியில் எடுத்த படம்

தொண்ணூறுகளின் நடுவில் நானும் என் நண்பனும் நியூசிலாந்தில், ஆக்லாந்து நகரின் லின்ஃபீல்டில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்கு எடுத்து இருந்தோம். இருவருக்கும் ஊர் யாழ்ப்பாணம்; வேலை, விரி என்ற தொழிற்சாலைப் பகுதியில் ஒரே கிடங்கில். எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. அவனுடைய மனைவியும் மகளும் கொழும்பில் ஒரு லொட்ஜ் அறையில் விசாவுக்காகக் காத்திருந்தார்கள். அவன் புறப்பட்டபோது மகளுக்கு மூன்று வயது. நான் சொல்லும் காலத்தில் ஆறு. அகதியாக வந்தவன், திரும்பிப் போய்ப் பார்க்கவும் வழியில்லை.

அங்கே குளிர்காலமான அந்த ஜூலையில் எங்கள் மேற்பார்வையாளர், மலேசியத் தமிழர், தெற்குத் தீவுக்குப் பனி பார்க்கக் கூப்பிட்டார். "வாங்கலா, எத்தன நாளைக்கு ரூமுக்குள்ளயே உக்காந்திருப்பீங்க?"

நண்பன் மறுத்தான். விசாவுக்கு இன்னும் சில பத்திரங்கள் வேண்டுமென்று அந்த வாரம்தான் கடிதம் வந்திருந்தது. அந்தப் பத்திரங்கள் இருந்த வீடு ஷெல் விழுந்து எரிந்துபோயிருந்தது. நான்தான் வற்புறுத்தி அழைத்துப் போனேன்.

குயின்ஸ்டவுனில் முதல் நாள் நானும் மேற்பார்வையாளரும் ஏரிக்கரையைச் சுற்றிப் பார்த்தோம். அவன் வண்டியை விட்டு இறங்கவே இல்லை. மறுநாள் மலைக்கு மேலே ஸ்னோமொபைல் ஓட்டப் போனோம். பனியில் சறுக்கி ஓடும், சக்கரமில்லாத மோட்டார் சைக்கிள் அது. நான் ஓட்ட, அவன் பின்னாலிருந்து என் இடுப்பைப் பிடித்துக்கொண்டான். சற்று நேரத்தில் அவன் தலை என் முதுகில் முட்டிக் குலுங்கியது. அழுகிறான் என்று தெரிந்து நிறுத்தினேன்.

"நிப்பாட்டாதை மச்சான். ஓடு. இந்தச் சத்தத்துக்கை ஒருத்தருக்கும் கேக்காது."

ஓட்டினேன். என் கண்ணாடியும் மங்கிப்போயிற்று.

மேட்டில் இறங்கியதும் எப்படியாவது அவனைத் தேற்ற வேண்டுமென்று தவித்தேன். "ஒரு படம் எடுத்து அனுப்புவம். உன்னைப் பாத்தாலே அவைக்கு ஒரு தெம்பு வரும்."

"இந்த மூஞ்சையையோ?"

"சிரியடா. அழுத முகத்தை அனுப்பினா உன்ர மனிசி இன்னும் பயந்துபோவா."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. இன்னொரு வண்டியில் வந்திருந்த மேற்பார்வையாளருக்குக் கண் காட்டினேன். அவர் அவன் முன்னால் வேண்டுமென்றே சறுக்கி விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கழுத்துக்குள் பனி போய் அலறினார். நண்பன் சிரித்துவிட்டான். தலையைப் பின்னால் சாய்த்து, வாய் நிறையச் சிரித்தான். அவனிடம் நான் அதுவரை பார்த்திராத சிரிப்பு. அதை எடுத்தேன். ஆக்லாந்து திரும்பியதும் நானே தபாலில் போட்டேன்.

ஐந்து கிழமை கழித்து அவன் மனைவியிடமிருந்து பதில் வந்தது. வாசித்துவிட்டு என்னிடம் நீட்டினான். படம் கிடைத்த அன்று மகள் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்தாளாம். கடைசியில் இப்படி இருந்தது: "நீங்கள் அங்கை சந்தோசமாய் இருக்கிறியள். அப்பிடியே இருங்கோ. எங்களுக்காக இனி அலையவேண்டாம்."

லொட்ஜுக்குப் போன் எடுத்தான். "அவ கதைக்கமாட்டாவாம் தம்பி" என்றார் முதலாளி. அடுத்த கிழமை எடுத்தபோது தாயும் மகளும் வவுனியாவுக்கு, மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தார்கள். அங்கே போன் இல்லை.

மலையில் நடந்த எல்லாவற்றையும் எழுதி அவளுக்கு மூன்று கடிதம் போட்டேன். போய்ச் சேர்ந்தனவா என்றுகூடத் தெரியாது.

"எல்லாம் என்னாலைதான்" என்றேன் ஒரு நாள். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தவன் நிமிரவில்லை.

"இல்லை மச்சான். அந்த நேரம் நான் உண்மையாத்தான் சிரிச்சனான். அது அவளுக்கு விளங்கியிட்டுது."

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எரிந்த பத்திரங்களுக்குப் பதிலாக, அதிகாரி முன் உறுதிசெய்த சத்தியக்கடதாசிகள் கொடுத்து, அடுத்த ஆண்டு அவர்கள் இருவருக்கும் விசா கிடைத்தது. அந்த அறிவிப்பைக் கடிதப்பெட்டியருகில் நின்றபடி வாசித்தான். வவுனியாவுக்குப் போன ஒருவரிடம் செய்தி சொல்லி அனுப்பினான். அவள் வரமாட்டாள், பிள்ளையையும் விடமாட்டாள் என்று அண்ணன் சொல்லியனுப்பினார். அதன் பிறகும் மாதம் தவறாமல் எழுதினான். அவர்களுடைய விசாவின் காலம் முடிந்த அன்றும் வழக்கம்போல வேலைக்கு வந்து, மாலைவரை பெட்டி அடுக்கினான்.

சில மாதங்களில் வெலிங்டனுக்கு வேலை மாற்றிக்கொண்டான். பஸ் நிலையம்வரை கூடப் போனேன். "குளிருக்குக் கவனம்" என்றேன். "ஓம்" என்று சொல்லிவிட்டு ஏறினான்.