பிலோமினா அக்காவின் முப்பது விநாடிகள்

டோனி தொலைபேசியில் அழைத்தபோது நான் கிள்ளான் வீட்டின் பின்பக்கம் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். "அத்தை, பெரியத்தை போயிட்டாங்க," என்றான். எத்தனை மணிக்கு என்று கேட்டேன். "பத்து பதினாலுக்கு. அவங்க வாட்ச்லதான் பார்த்தேன்." கையில் ஈரத் துண்டோடு அப்படியே நின்றேன். அழுகை உடனே வரவில்லை. அக்காவாக இருந்தால் அந்தப் பதினாலு நிமிடம் சரியா என்று இன்னொரு முறை பார்க்கச் சொல்லியிருப்பார் என்றுதான் முதலில் தோன்றியது.

முப்பதாம் நாள் திருப்பலிக்கு வெளியிடும் இந்தச் சிறு நினைவு மலரில் ஒரு பக்கம் எழுதித் தரும்படி டோனி கேட்டான். என் அண்ணன் மகன். அக்காவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவன். "நல்லதா எழுதுங்க அத்தை" என்றும் சொன்னான். ஆனால் இதைப் படிக்கப்போகிற நீங்கள் எல்லாரும் பிலோமினா சிஸ்டரை அறிந்தவர்கள். அவரிடம் ஊசி போட்டுக்கொண்டவர்கள், ஏச்சு வாங்கியவர்கள், இரண்டையும் ஒரே நேரத்தில் வாங்கியவர்கள். நல்லதாக மட்டும் எழுதினால் நீங்களே நம்பமாட்டீர்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது, அக்காவுக்கு இருபது. எனக்குத் தலை வாரியதும், பேன் பார்த்ததும், கோவிலில் புதுநன்மை வாங்கிய நாளுக்கு வெள்ளைச் சட்டை தைத்ததும் அவர்தான். அரசாங்க மருத்துவமனையில் வார்டு சிஸ்டராக இருந்தார். சீருடையின் மார்பில் தலைகீழாகத் தொங்கும் கடிகாரத்தை ஞாயிற்றுக்கிழமை வீட்டுச் சட்டையிலும் குத்திக்கொள்வார். ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்டவர்களுக்கு, "வார்டுல முப்பது பேரு என்னைய நம்பிப் படுத்திருக்காங்க, அது பத்தாதா?" என்பார். நான் அவர் வளர்த்த பிள்ளை. அதனால்தான் நடந்தது எதையும் என்னால் இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எண்பதுகளின் நடுவில், எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வீட்டுக்குப் பக்கத்தில் குடியிருந்த நடராஜா அங்கிளுக்கு லண்டனிலிருந்து மகள் ஒரு விளையாட்டுப் பெட்டி அனுப்பினாள். வட்டமான பலகை, ஒரு பகடை, ஆறு நிறங்களில் கேள்வி அட்டைகள். நிலவியலுக்கு நீலம், விளையாட்டுக்கு ஆரஞ்சு, இப்படி. கேள்விகள் எல்லாம் ஆங்கிலத்தில், முக்கால்வாசி வெள்ளைக்காரர்களைப் பற்றி. அங்கிள் அதை அக்காவிடம் கொடுத்துவிட்டார். காரணம் சொல்லத் தேவையில்லை. எந்தப் பொருளும் அக்காவிடம்தான் போய்ச் சேரும்.

அதற்குப் பிறகு ஞாயிறு பூசை முடிந்தால் விளையாட்டு. எழுபத்திரண்டு வயது அப்பா, நடராஜா அங்கிள், பத்து வயது டோனி, நான், கேள்வி கேட்க அக்கா. கேள்வியைப் படித்து முடித்ததும் குனிந்து கடிகாரத்தைப் பார்ப்பார். முப்பது விநாடி. நாடி பிடிக்கும்போது வைத்துக்கொள்ளும் அதே முகம். நமக்கு வியர்க்கிறதா என்று பார்ப்பது போலவே இருக்கும். சிறுவனுக்கு எளிய கேள்வி, கிழவருக்கு இன்னும் கொஞ்ச நேரம் என்பதெல்லாம் கிடையாது. "அட்டைக்கு உன் வயசு தெரியாது," என்பார். வரிசையாக மூன்று தப்பு விட்டவர் எழுந்து அடுக்களைக்குப் போய் எல்லாருக்கும் டீ போடவேண்டும். அன்று மறுபடி உட்கார முடியாது. டோனி முதல் மாதம் முழுக்கக் கண்ணைத் துடைத்துக்கொண்டே டீ போட்டான். நன்றாகத்தான் போட்டான்.

நான் சவரிமுத்துவைக் கல்யாணம் செய்துகொண்டபோது இந்த மேசைக்கு இன்னொரு நாற்காலி வந்தது. அவர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர், தமிழ்ப்பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர், கிள்ளான் துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் போர்க்லிப்ட் ஓட்டினார். நாங்களோ ஆங்கிலம் படித்த இரயில்வே குடும்பம். ஒரே கோவில், ஒரே செபம், ஆனால் தோட்டத்துக்கும் இரயில்வேக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று உங்களில் பலருக்குத் தெரியும். அக்கா கல்யாணத்தைத் தடுக்கவில்லை. "நல்ல மனுசன்தான்," என்றார். "பேச ஒண்ணும் இருக்காது. பரவால்ல, ரோஸ். நீ பேசிக்க."

ஒவ்வொரு ஞாயிறும் கிள்ளானிலிருந்து பஸ் பிடித்து வருவோம். என் கணவர் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு நேராக உட்காருவார். அக்கா ஆங்கிலத்தில் படிப்பார். நான் தமிழில் முணுமுணுத்தால், "மொழிபெயர்ப்பு கிடையாது லா," என்பார். ஒரு தப்பு, இரண்டு, மூன்று. "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லுங்க மாப்பிள்ளை, அதுல ஒரு வெட்கமும் இல்ல." அவர் எழுந்து அடுக்களைக்குப் போவார். டோனிக்கு விடுதலை கிடைத்ததே அப்போதுதான்.

ஒரு நாள் என் கணவரின் முறை வந்தபோது அட்டையில் இருந்த கேள்வி, ரப்பர் மரத்திலிருந்து வடியும் பாலுக்கு என்ன பெயர் என்பது. ரப்பர் என்ற சொல் காதில் விழுந்ததும் அவர் நிமிர்ந்தார். எட்டு வயதிலிருந்து விடியற்காலையில் அம்மாவோடு பால் வாளி தூக்கியவர். அக்கா அட்டையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், அட்டையைக் கவிழ்த்துப் பெட்டியின் அடியில் செருகினார். "இது வேண்டாம். இது பொது அறிவு இல்ல, அவங்க வீட்டு வேலை." வேறு அட்டை எடுத்தார், ஏதோ ஒரு நடிகையைப் பற்றியது. அந்தப் பெட்டி முழுக்க அவருக்கென்று இருந்த ஒரே கேள்வி அதுதான்.

திரும்பிப் போகும் பஸ்சில் நான்தான் கொதித்தேன். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். திருட்டு யோசனையும் என்னுடையதுதான். அக்கா அன்னம்மாள் திருவிழாவுக்காக வடக்கே போன சமயம், விடுமுறைக்கு எங்கள் வீட்டுக்கு வந்த டோனி பெட்டியையும் தூக்கிக்கொண்டு வந்தான். நீல அட்டைகளை ஒவ்வொன்றாக நான் படித்தேன். என் கணவர் வேலை முடிந்து வந்து, ஆங்கிலக் கேள்விகளைத் தமிழ் எழுத்தில் ஒரு பயிற்சிப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். பல ஊர்ப் பெயர்கள் அவருக்கு ஏற்கெனவே பழக்கம். கப்பல்களின் பின்பக்கத்தில் எழுதியிருக்கும் துறைமுகப் பெயர்களை எழுத்துக்கூட்டிப் படித்துப் படித்துத்தான் ஆங்கில எழுத்தே கற்றவர். "இந்த ஊர்க் கப்பல் போன மாசம் வந்துச்சு ரோஸ்," என்று சிறுபிள்ளை போல் சொல்வார். கல்யாணமான பிறகு நாங்கள் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது அந்தப் பத்து நாள்தான்.

ஞாயிறு வந்தது. முதல் நீலக் கேள்விக்குச் சரியான பதில். இரண்டாவதும் சரி. மூன்றாவதற்கு அப்பா மேசையைத் தட்டி, "அட, மாப்பிள்ளை!" என்று கத்தினார். நான் முகத்தைச் சாதாரணமாக வைத்துக்கொள்ளப் படாத பாடு பட்டேன். அக்கா அடுத்த அட்டையை எடுத்து மெதுவாகப் படித்தார். "விச் ரிவர் ஃப்ளோஸ் த்ரூ..."

நதியைப் பற்றி அப்படித் தொடங்கும் அட்டை நாங்கள் படித்ததில் ஒன்றே ஒன்றுதான். "தேம்ஸ்," என்றார் என் கணவர்.

"...ரோம்," என்று முடித்தார் அக்கா.

அட்டையைத் திருப்பி மேசையில் வைத்தார். அதில் லண்டன் என்றுதான் இருந்தது. கடைசிச் சொல்லை அக்கா மாற்றியிருந்தார். பெட்டி திரும்பி வந்த அன்றே அவருக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அட்டைகள் எப்போதும் தாறுமாறாகக் கிடக்கும். நான் நீலத்தை மட்டும் ஒரே பக்கமாகத் திருப்பி அழகாக அடுக்கி அனுப்பியிருந்தேன். அவர் வளர்த்த பிள்ளை வேறு எப்படிச் செய்யும்?

"தேம்ஸ் ஆத்த ரோமுக்குத் தூக்கிட்டுப் போயிட்டீங்களே மாப்பிள்ளை," என்றார். "போர்க்லிப்ட்லயா?"

அப்பா இருமி இருமிச் சிரித்தார். நடராஜா அங்கிள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஐயோ பிள்ளை, உது நல்ல கதை!" என்றார். டோனி நாற்காலியில் குதித்தான். அக்கா சிரிக்கவில்லை. "யாரு சொல்லிக்குடுத்தது?" என்று கேட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தார்.

"நானேதான் பார்த்துப் படிச்சேன்," என்றார் என் கணவர். பிறகு எழுந்து போய், தப்பு ஒன்றுதான் விட்டிருந்தாலும், ஆறு பேருக்கும் டீ போட்டுக் கொண்டுவந்தார். முதல் கோப்பையை அக்கா முன்னால் வைத்தார். தன் கோப்பையைத் தொடாமல் படியிறங்கிப் போய் பஸ் நிறுத்தத்தில் எனக்காகக் காத்திருந்தார்.

பன்னிரண்டு வருடம் அவர் அந்தப் படி ஏறவில்லை. என்னைத் தெருமுனைவரை கொண்டுவந்து விடுவார், அங்கே தெருவோர ஒட்டுக்கடையில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். தமிழ்ப் பேப்பரை மரண அறிவிப்புவரை ஒரு வரி விடாமல் படிப்பவர். அப்பாவின் அடக்கத்துக்குக் கல்லறைக்கு நேராக வந்தார், வீட்டுக்கு வரவில்லை. இதற்காக நான் அக்காவை வெறுத்தேன். இரகசியமாக இல்லை, அவருக்குத் தெரியும்படியாகவே வெறுத்தேன்.

வெறுப்பதும் எளிதாக இல்லை. அப்பாவின் கடைசி ஞாயிறு ஒன்று ஞாபகம் இருக்கிறது. அவருக்குப் பாதி கேள்வி காதிலேயே விழவில்லை, மூன்று தப்பு விட்டார். நானும் அங்கிளும் "விடுங்க, விடுங்க" என்றோம். அப்பா கைத்தடியை ஊன்றி அடுக்களைக்கு நடந்தார். அக்கா அவருக்குப் பின்னால், தொடாமல், இரண்டு கைகளையும் விரித்து நீட்டியபடியே போனார், விழுந்தால் பிடிப்பதற்கு. "உக்காருப்பா" என்ற ஒரு சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவில்லை. அப்பா டீயில் சீனிக்குப் பதில் உப்புப் போட்டார். அக்கா முழுக் கோப்பையையும் குடித்துவிட்டு, "நல்லா இருக்கு," என்றார்.

பிறகு அங்கிள் லண்டனுக்கு மகளிடம் போனார், டோனி வேலைக்குப் போனான், மேசை காலியானது. அக்காவுக்கு நோய் வந்து, அவர் வேலை செய்த வார்டிலேயே படுக்கவைத்தார்கள். சாவதற்கு மூன்று வாரத்துக்கு முன் நான் தனியாகப் போனேன், ஒரு முடிவோடு. கடிகாரத்தைத் தலையணை உறையில் குத்தி வைத்திருந்தார்.

"அக்கா, அவர் ஒரு நாள் வருவாரு. நீங்க ஒரு வார்த்த மன்னிப்புக் கேக்கணும். எனக்காக," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டே இருந்தார்.

"கேள்வி கேக்கறது என் வேலை. கேட்டேன்," என்றார். "நான் யாரு அவருக்கு? வெளி ஆளு. அன்னிக்கு அவரு என்னையப் பாக்கலடி. ஒன்னையத்தான் பார்த்தாரு. நீ ஏன் சிரிச்ச ரோஸ்?"

ஆமாம், நானும் சிரித்தேன். மேலே அதை எழுதாமல் தாண்டிப் போயிருக்கிறேன், நீங்கள் கவனித்திருக்கமாட்டீர்கள். அப்பாவோடும் அங்கிளோடும் சேர்ந்து, அவர்களைவிடச் சத்தமாகச் சிரித்தேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. அந்த மேசையில் என் நாற்காலி போய்விடக் கூடாது என்று, என் கணவரின் நாற்காலியைத் தள்ளிவிட்டேன்.

அக்கா தலையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். உண்மையாகவே பார்த்தார். முப்பது விநாடி ஆனதும், "தெரியாதுன்னா தெரியாதுன்னு சொல்லு," என்றார். நான் அதைக்கூடச் சொல்லவில்லை. என்னிடம் அவர் பேசிய கடைசிச் சொல் அது. சாகப்போகிறவர், வளர்த்த பிள்ளையிடம், கொஞ்சம் விட்டுக்கொடுத்திருக்கலாம். அவருக்கு அது வராது.

வீட்டுக்கு வந்து என் கணவரிடம் ஒரு பொய் சொன்னேன். "அக்கா ஒங்ககிட்ட மன்னிப்புக் கேக்கச் சொன்னாங்க. அழுதாங்க," என்றேன். அவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "பாவம்," என்றார். அடக்கத்தன்று சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து, பன்னிரண்டு வருடம் கழித்து அந்தப் படி ஏறினார். சவப்பெட்டிக்குப் பக்கத்தில் குனிந்து, "அதெல்லாம் பரவால்லக்கா, விடுங்க," என்று சொன்னது என் காதில் விழுந்தது. கேட்காத மன்னிப்பை அவர் கொடுத்துவிட்டார்.

அக்காவின் கடிகாரத்தை டோனி வைத்துக்கொண்டான், அதுதான் முறை. விளையாட்டுப் பெட்டி யாருக்கும் வேண்டாம். என்னிடம் இருப்பது அவர் கேட்ட அந்தக் கேள்வி. இந்த மலர் அச்சாகி வந்ததும் என் கணவர்தான் முதலில் படிப்பார், ஒரு வரி விடாமல். இந்த வரிக்கு அவர் வரும்போது நான் அடுக்களையில் டீ போட்டுக்கொண்டிருப்பேன்.